கோடிக்குழகரும் கரவாஜியோவும்: ஒளி, இருள், பரிவு

பரோக் ஓவியங்களின் ஒளிநிழலைக் காணும் தமிழருக்குக் கருவறைத் தீபாராதனை நினைவுக்கு வருவது இயல்பே. அந்த ஒப்புமை பாதிவழிதான் செல்லும் என்பது என் வாதம்.

சமயப் படங்கள் அடியாரைப் பக்திக்குத் தூண்டவேண்டும் என்று 1563-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் வகுத்தது. ரோமின் சான் லூயிஜி தேய் பிரான்சேசி தேவாலயத்துக்காக 1599–1600-இல் கரவாஜியோ தீட்டிய ‘மத்தேயுவின் அழைப்பு’ அந்தக் கொள்கையின் உச்சம். படத்துக்குள் ஒரு சாளரம் உண்டு. அதன்வழி வெளிச்சம் வரவில்லை. கிறிஸ்துவின் தலைக்குமேல் வலப்புறத்திலிருந்து பாயும் ஒளி, காசு எண்ணும் மேசையிலிருப்போர் முகங்களில் விழுகிறது. 1647–52-இல் புனித தெரேசாவின் பரவசத்தைச் செதுக்கிய பெர்னீனியும் சாளரத்தை மறைத்தே வைத்தார். ஒளி எங்கிருந்து வருகிறது என்பது தெரியாதவரைதான் அது அருளாக நிற்கும்.

தஞ்சைப் பெரிய கோயில் (1010) நேர்மாறானது. கருவறையைச் சூழ்ந்த இருண்ட சுற்றறையில், நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியிலிருந்த சோழர் ஓவியங்களை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். வெள்ளையானைமேல் சுந்தரரும் குதிரைமேல் சேரமான் பெருமாளும் கயிலைக்கு விரைகிறார்கள். யார் காலடியிலும் நிழல் இல்லை. திரிபுராந்தகர் ஓவியத்தில் அசுர மகளிரின் அச்சத்தைப் புருவக் கோடும் கைகளுமே சொல்லிவிடுகின்றன. இங்கே இருளை உண்டாக்கியவர் ஓவியர் அல்லர், சிற்பாசாரி.

ஒளியோ கொடையாளருடையது. அணையாது எரியும் ஒரு நொந்தா விளக்குக்கு 96 ஆடுகள், நாளுக்கு உழக்கு நெய் என்று சோழர் கல்வெட்டுகள் கணக்கு வைக்கின்றன. (ரோமின் அந்தத் தேவாலயத்தில் காசு போட்டால்தான் மின்விளக்கு எரியும், 96 ஆடுகளுக்குத் தூரத்து உறவு!) விளக்கழகுக்குப் பேர்பெற்ற வேதாரண்யத்திலோ, நெய்யுண்ண வந்து அறியாமல் திரியைத் தூண்டிய எலிகூட மாவலியாகப் பிறந்தது. பரோக்கில் ஒளி மறைவிலிருந்து வந்து மனிதனைத் தேர்ந்தெடுக்கிறது. காவிரி டெல்டாவில் மனிதன் ஏற்றிய ஒளி இறைவனைக் காட்டுகிறது.

உணர்ச்சியின் திசையும் அதற்கேற்ப மாறுகிறது. தஞ்சைச் சுவரில் கயிலை செல்லும் அதே இருவரும் வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்கு வந்ததைப் பெரியபுராணம் சொல்கிறது. சுற்றிலும் குடியிருப்பு இல்லாத கடற்கரையில் அவ்வூர்ச் சிவனான குழகர் தனித்திருப்பதைக் கண்டு சுந்தரர் மனம் கசிந்தார்; கடற்காற்றும் காடும் சூழ்ந்த இடத்தில் உனக்கு யார் துணை என்ற பொருளில் பதிகம் பாடினார். பரோக்கும் இறைவன்மேல் இரக்கத்தை எழுப்பியது. ஸ்பானியச் சிற்பிகள் அதற்காகக் கண்ணாடிக் கண்ணீர்கூடப் பதித்தார்கள். ஆனால் அந்த இரக்கத்துக்குக் காயமும் குருதியும் தேவைப்பட்டன. கோடிக்குழகருக்குக் காயம் ஏதுமில்லை, துணைதான் இல்லை. அந்தத் தனிமையை வண்ணத்தில் காட்ட யாரும் முயலவேண்டியிருக்கவில்லை. அதைச் சுமக்கும் பொறுப்பு ஓதுவாரின் குரலுக்கு உரியது. கரவாஜியோ ஒரே திரையில் செய்த வேலையை இங்கே சிற்பாசாரியும் கொடையாளரும் ஓதுவாரும் பங்கிட்டுக்கொண்டார்கள். கருவறையில் குழல்விளக்கைப் போடுவோரும் பதிகத்தை ஒலிபெருக்கிப் பதிவுக்கு விட்டுவிடுவோரும் கலைப்பது இந்தப் பங்கீட்டைத்தான்.