ஒரு மடக்குக் கத்திக்கு 400 டாலரா?

பாக்கெட்டில் போட்டுக்கிற ஒரு கத்தி. ஆப்பிள் நறுக்கணும், பார்சல் கயிறு அறுக்கணும், எப்பவாவது பென்சில் சீவணும். இதுக்கு 400 டாலருக்கு மேலே கொடுத்து வாங்குறவங்க இருக்காங்க. கிரிஸ் ரீவ் என்பவர் உருவாக்கின 'செபென்சா' கத்தியைத்தான் சொல்றேன். இன்னொரு பக்கம், பிரான்சில் செய்யும் சாதாரண ஓப்பினெல் கத்தி, பத்து இருபது யூரோ சமாச்சாரம். ரெண்டும் ஆப்பிளை நறுக்கும். சொல்லப்போனா ஓப்பினெல் இன்னும் நல்லாவே நறுக்கும், அதன் அலகு அவ்வளவு மெல்லிசு. அப்போ மீதிப் பணம் எதுக்கு? பதில் தெரிய கொஞ்சம் பின்னாடி போகணும்.

சமையல் கத்தியில் அலகு பிடிக்குள்ளே இறுகி உட்கார்ந்திருக்கும். மடக்குக் கத்தியில் நடுவே ஒரு ஆணி, அந்த ஆணியைச் சுத்தி அலகு உள்ளே போகும், வெளியே வரும். குத்தும்போதோ திருகும்போதோ அது திடீர்னு உள்ளே போச்சுன்னா, போற வழியில் இருப்பது நம்ம விரல். மடக்குக் கத்தியின் வரலாற்றில் பாதிக்கு மேல இந்த விரலைக் காப்பாத்துற கதைதான்.

ஆஸ்திரியாவின் ஹால்ஷ்டாட்டில் எலும்புப் பிடி போட்ட மடக்குக் கத்தி ஒண்ணு கிடைச்சிருக்கு. காலம் சுமார் கி.மு. 600-500. ரோமானியர்களும் மடக்குக் கத்தி வெச்சிருந்தாங்க. ஆனா திறந்த அலகைப் பிடிச்சு நிறுத்த ஒரு நல்ல ஏற்பாடு பரவலா வந்தது 17ஆம் நூற்றாண்டில், இங்கிலாந்தின் ஷெஃபீல்டில். பிடியின் முதுகுப் பக்கம் ஒரு எஃகு வில்லை வெச்சாங்க. அது அலகின் அடியை அழுத்திக்கிட்டே இருக்கும். திறந்தா திறந்த நிலையில் நிக்கும், மடக்கினா மடங்கின நிலையில் நிக்கும். இறகுப் பேனாவைச் சீவுறதுக்கு இது போதும், 'பேனாக்கத்தி'ங்கிற பேர் வந்ததே அதனாலதான். (நம்ம ஆட்கள் ஓலையில் எழுத மடக்கெழுத்தாணி வெச்சிருந்தாங்க. கூரான பொருளை மடியில் வெச்சுக்க எல்லா ஊர்லயும் ஒரே யோசனைதான் போல.)

ஷெஃபீல்டுக்காரங்க இதை வெச்சு வித்தை காட்டாத குறை. 1851 லண்டன் மாபெரும் கண்காட்சிக்கு ஜோசஃப் ராட்ஜர்ஸ் கம்பெனி 75 அலகுகளோட ஒரே கத்தி செஞ்சு வெச்சாங்க. அதை எந்தப் பாக்கெட்டில் போடுறதுன்னு கேட்கப்படாது :-) ஆனா வில்லு வில்லுதான், பூட்டு ஆகாது. அழுத்தம் அதிகமானா அலகு மடங்கிடும்.

1890இல் பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசஃப் ஓப்பினெல் ஒரு குடியானவன் கத்தி செஞ்சார். வயசு 18. அப்பா கோடரியும் அரிவாளும் அடிக்கிற கொல்லர். மரப்பிடி, ஒரு அலகு, ஒரு ஆணி, அம்புட்டுத்தான். 1897இல் 1 முதல் 12 வரை எண் போட்டு அளவுவாரியா வித்தாங்க. 1955இல் அவர் மகன் மார்செல், கழுத்தில் ஒரு சுழலும் வளையத்தைச் சேர்த்தார். வளையத்தைத் திருப்பினா அதன் வாய் நகர்ந்து அலகு மடங்கும் வழி அடைபட்டுப்போகும். இவ்வளவு எளிமையான பூட்டை நான் வேற எதிலும் பார்த்ததில்லை. ஒரே குறை, திருப்ப ரெண்டு கை வேணும்.

அமெரிக்காவில் 1964இல் பக் கம்பெனியின் 110 வந்தது. முதுகில் பூட்டு, பித்தளை, மரம், கிட்டத்தட்ட 200 கிராம். பாக்கெட்டில் போட்டா கால்சட்டை இறங்கும், இடுப்பு உறையில்தான் வெச்சுக்கணும். 1981இல் ஸ்பைடர்கோ ஒரு கிளிப்பும் அலகில் ஒரு வட்ட ஓட்டையும் போட்டாங்க. கிளிப்பால் பாக்கெட் ஓரத்தில் மாட்டலாம், ஓட்டையில் கட்டைவிரலை வெச்சு ஒரு கையால் திறக்கலாம். அதே சமயத்தில் மைக்கேல் வாக்கர், பிடிக்குள்ளே இருக்கும் மெல்லிய தகட்டையே வில்லா வளைச்சு, அலகு திறந்ததும் அதன் பின்னாடி போய் நிக்கும்படி செஞ்சார். இதுதான் லைனர் லாக். நல்ல யோசனை, ஆனா தகடு மெல்லிசு.

கிரிஸ் ரீவ் தென்னாப்பிரிக்காக்காரர், டூல் அண்ட் டை தொழில் தெரிஞ்சவர். அவர் கேட்டது எளிய கேள்வி: தகடு எதுக்கு, பிடியே பூட்டா இருக்கக் கூடாதா? 1987இல் செபென்சா பிறந்தது. சூலு மொழியில் அதுக்கு 'வேலை'ன்னு அர்த்தம். பிடி ரெண்டு டைட்டானியப் பலகை. ஒரு பலகையில் நீளமா வெட்டு விட்டு, அந்தப் பகுதியையே வில்லாக்கினார். கெட்டியா பிடிக்கப் பிடிக்க நம்ம கையே பூட்டை இறுக்கும். 1989இல் அவர் அமெரிக்காவின் ஐடஹோவுக்குக் குடிபோனார். இன்னைக்கு மலிவுக் கத்தியில் கூட அந்த வெட்டைப் பார்க்கலாம்.

அப்போ காசு எதுக்குன்னா, என் கணக்கில் முதல்ல ஆணிக்கு. சாதாரண கத்தியில் ஸ்குரூவை இறுக்கினா அலகு நகராது, தளர்த்தினா ஆட்டம். செபென்சாவில் ஆணியைச் சுத்தி ஒரு புஷ் இருக்கு, அளவு பிசகாம கடைஞ்சது. முழுசா இறுக்கினாலும் அலகு வழுக்கிக்கிட்டுப் போகும், ஆட்டமும் இருக்காது. கழற்றித் துடைக்கிறதுக்கு ஆலன் கீயையும் கம்பெனியே கூட வெச்சுத் தர்றாங்க. அடுத்தது எஃகு. க்ரூசிபிள் கம்பெனி 2001இல் கொண்டுவந்த எஸ்30வி, கத்திக்குன்னே உருவான எஃகு, அதில் ரீவின் பங்கும் உண்டு. கூர் நீண்ட நாள் நிக்கும். ஆனா தீட்ட உட்கார்ந்தா பொறுமை வேணும்.

ஓப்பினெல்லின் மரப்பிடி மழையில் உப்பி அலகைக் கவ்விக்கும். சவோய்க்காரங்க பிடியின் பின்பக்கத்தை மேசையில் ஒரு தட்டு தட்டுவாங்க, அலகு எட்டிப் பார்க்கும். டைட்டானியத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. பழுது பார்த்து இருபது வருஷம் ஓட்டுற எண்ணம் இருந்தா செபென்சா விலை தகும். பழம் நறுக்க மட்டும்னா தகாது.

வேடிக்கை என்னன்னா, ஷெஃபீல்டு இருக்கிற இங்கிலாந்தில் செபென்சாவை சும்மா பாக்கெட்டில் போட்டுக்கிட்டு தெருவில் நடக்க முடியாது. 1988 சட்டப்படி 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்திக்கு விலக்கு உண்டு. பூட்டு இருந்தா அது மடக்குக் கத்தி கணக்கில் வராதுன்னு பிறகு நீதிமன்றம் சொல்லிடுச்சு, தக்க காரணம் காட்டணும். விரலைக் காப்பாத்த வந்த பூட்டுதான் அங்கே குற்றத்துக்கு அடையாளம். வளையம் போட்ட ஓப்பினெல்லுக்கும் அதே கதி. எண் 5 வரைக்கும் ஓப்பினெல்லில் வளையம் கிடையாது, அலகு 6 சென்டிமீட்டர். அதை எடுத்துக்கிட்டுப் போகலாம், விரலை மட்டும் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கணும்.