தொகுதிப் பங்கீடு (அமெரிக்க மாநிலங்கள்)

அமெரிக்காவில் சட்டமன்ற உறுப்பினர்கள் மட்டுமல்ல, பல மாநிலங்களில் நீதிபதிகளும் தொகுதிவாரியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். சட்டமன்றத் தொகுதிகளில் மக்கள்தொகை ஏறத்தாழச் சமமாக இருந்தாக வேண்டும். நீதித்துறைத் தொகுதிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இந்தப் பாகுபாட்டில் பாதிக்குத்தான் நியாயம் உண்டு.

பத்தாண்டுக்கு ஒருமுறை இடங்களைப் பங்கிடச் சொன்னது டென்னசியின் அரசமைப்பு. 1901க்குப் பின் அறுபது ஆண்டுகள் சட்டமன்றம் அதைச் செய்யவில்லை. தம் இடத்துக்குத் தாமே உலை வைக்க யார்தான் முன்வருவார்கள்? நகரங்கள் பெருத்தன, இடங்களோ கிராமப்புறத்திலேயே நின்றன. 1946இல் இல்லினாய் வழக்கொன்றில் இது அரசியல் விவகாரம் என்று ஒதுங்கிய கூட்டாட்சி உச்ச நீதிமன்றம், 1962இல் மெம்ஃபிஸ் பகுதியின் சார்லஸ் பேக்கர் தொடுத்த வழக்கில், நீதிமன்றம் இதை விசாரிக்கலாம் என்றது. 1964இல் அலபாமா வழக்கு வந்தது. அங்கே ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த ஜெஃபர்சன் கவுண்டிக்கும் ஒரே செனட்டர், 15,417 பேரே இருந்த லௌண்ஸ் கவுண்டிக்கும் ஒரே செனட்டர். மாநிலத்தின் இரு அவைகளிலும் மக்கள்தொகையே அடிப்படை என்று தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் தீர்ப்பளித்தார். வாஷிங்டன் செனட்டில் மாநிலத்துக்கு இருவர் இல்லையா என்ற வாதம் எடுபடவில்லை: மாநிலங்கள் இறையாண்மையோடு கூட்டாட்சியில் சேர்ந்தவை, கவுண்டிகள் மாநிலமே வகுத்த நிர்வாகப் பிரிவுகள்.

அதே அளவுகோலை லூசியானா உச்ச நீதிமன்றத் தொகுதிகளுக்கும் கேட்ட வழக்கு தோற்றது. நீதிபதி மக்களின் பிரதிநிதி அல்லர் என்ற அத்தீர்ப்பை 1973இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் விளக்கம் ஏதும் எழுதாமல் உறுதிசெய்தது, மூவர் மறுத்தனர். விசாரணை நீதிமன்றங்களைப் பொறுத்தவரை அது சரியே. வழக்குகளின் எண்ணிக்கையையும் பயணத் தொலைவையும் பார்த்துத்தான் அங்கே எல்லை போட வேண்டும். ஆள் குறைந்த மலைப்பகுதிக்கும் ஒரு நீதிபதி தேவை. ஆனால் ஏழு பேர் ஒன்றாக அமர்ந்து மாநிலம் முழுவதற்கும் சட்டத்துக்குப் பொருள் சொல்லும் உச்ச நீதிமன்றத்துக்கு இந்தக் காரணம் பொருந்தாது. அவர்கள் எந்த வட்டாரத்துக்கும் பிரதிநிதி அல்லர் என்றால், வட்டாரத்துக்கு வட்டாரம் வாக்கின் எடை மாறுவதற்கும் காரணம் இல்லை. சமத் தொகுதி வகுத்தால் நீதிபதிகள் வாக்காளருக்குக் கட்டுப்பட்டுவிடுவார்கள் என்ற அச்சமும் இலக்குத் தவறியது. அந்த ஆபத்து தேர்தலிலேயே இருக்கிறது, சமத்துவத்தில் அல்ல.

1991இல் நியூ ஆர்லியன்ஸ் கறுப்பின வாக்காளர்கள் தொடுத்த வழக்கில், நீதிபதித் தேர்தலும் வாக்குரிமைச் சட்டத்துக்கு உட்பட்டதே என்று முடிவானது. இனப் பாகுபாட்டுக்கு அதனால் தடை வந்தது. எண்ணிக்கைச் சமத்துவம் வரவில்லை. லூசியானா 2024இல் தன் உச்ச நீதிமன்றத் தொகுதிகளைத் திருத்தியமைத்ததும் மாநிலச் சட்டமன்றத்தின் சட்டத்தால்தான், 1964இன் அளவுகோலால் அல்ல.