தையல் அறையில் தொடங்கிய நட்பு

நூற்றாண்டு மலருக்காக எமது பாடசாலையின் பழைய பதிவுகளைப் புரட்டியபோது அதிபர்களின் பெயர்கள், கட்டடங்கள் திறக்கப்பட்ட நாள்கள், பரீட்சைப் பெறுபேறுகள், விளையாட்டுப் போட்டி வெற்றிகள் யாவும் கிடைத்தன. தையல் வகுப்பைப் பற்றி ஒரு வரிதானும் கிடைக்கவில்லை. ஆனால் பழைய மாணவியரிடம், "உங்கள் நெருங்கிய தோழியை முதலில் எங்கே கண்டீர்கள்?" என்று கேட்டால், பலரும் தையல் அறையையே சொல்கின்றனர். அந்தக் குறையை ஓரளவேனும் நிரப்பும் முயற்சியே இக்கட்டுரை.

ஊசியும் நூலும் எமது கரைக்குப் புதியவை அல்ல. பாய்க்கப்பல் ஓடிய காலத்தில், கித்தான் துணியைப் பட்டை பட்டையாக இணைத்துத் தைத்தே பாய் செய்தனர். அயலூரான வல்வெட்டித்துறையில் வேப்ப மரத்தால் கட்டப்பட்ட 'அன்னபூரணி' 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த கதையை நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்தோம். அவளை அவ்வளவு தூரம் இழுத்துச் சென்றதும் தைத்த துணிதான். எனினும் அது ஆண்களின் தையல்.

வீட்டுத் தையலின் கதை வேறு. 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள் இன்னும் எம் நாவில் உள்ளன. கைக்குட்டையை 'லேஞ்சி' என்றும், சட்டை ஓரத்துப் பின்னலை 'ரேந்தை' என்றும் எமது பாட்டிமார் சொன்னது அவர்களின் மொழியிலிருந்து வந்ததே. ஆயினும் அதன் பின்னரும் நெடுங்காலம் எமது பெண்கள் பெரும்பாலும் தைக்காத சேலையையே உடுத்தினர். 1824 இல் அமெரிக்க மிசனரிமார் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கியபோது, ஹரியற் வின்ஸ்லோ அம்மையாரின் பொறுப்பில் வாசிப்போடு தையலும் கற்பிக்கப்பட்டது. பின்னர் குடாநாட்டில் எழுந்த பெண்கள் பாடசாலைகளிலும் தையல் நிலையான பாடமாயிற்று. நல்ல மனைவியாக, நல்ல தாயாக ஆக்குவதே அதன் நோக்கம் என்பதை மறைப்பதற்கில்லை.

சிங்கர் நிறுவனம் 1877 இல் இலங்கைக்கு வந்தது. தவணைப் பணத்துக்கு மெசின் வாங்கலாம் என்ற வசதி நடுத்தர வீடுகளுக்கும் அதைக் கொண்டுசென்றது. மலாயாவில் உத்தியோகம் பார்த்தவர்களின் காசும் பென்சனும் வந்த வீடுகளில் மெசின் ஒரு பெருமைப் பொருளாயிற்று. சீதனப் பொருள்களோடும் சேர்ந்தது. இயந்திரங்களை ஐயத்தோடு நோக்கிய காந்தியடிகள்கூடத் தையல் மெசினுக்கு விலக்களித்தார். மனைவி கையால் தைத்துக் களைப்பதைக் கண்ட ஒருவரின் அன்பிலிருந்து அது பிறந்தது என்று 1924 இல் அவர் கூறினார். கதர் நிதி திரட்ட 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்தபோது உடுவில் மகளிர் பாடசாலையிலும் அவர் உரையாற்றினார்.

எமது தையல் அறைக்கு வருவோம். ஏனைய பாடங்களில் வாய் திறந்தால் பிரம்பு. தையல் பாடத்தில் மட்டும் கை வேலையில் இருக்கும்வரை மெல்லக் கதைக்கலாம். முதலில் லேஞ்சி மடித்துத் தைக்க வேண்டும். பிறகு சங்கிலித் தையல், தெறி தைத்தல். அதன் பின்னரே மெசின். இருந்தவை கையால் சுற்றும் மெசின்கள். ஒன்றுக்கு இருவர். ஒருத்தி கைப்பிடியைச் சுற்ற, மற்றவள் இரு கைகளாலும் துணியைப் பிடித்து ஓட்டுவாள். சுற்றுபவள் அவசரப்பட்டால் நூல் அறும். பிடிப்பவள் கவனம் பிசகினால் விரலில் ஊசி ஏறும். ஒருத்தியின் வேகம் மற்றவளுக்குப் பழகும்வரை தையல் நேராக வராது. ரீச்சர் யாரையும் திட்டமாட்டார். "பிரிச்சுத் தையுங்கோ" என்பார், அவ்வளவுதான்.

அப்படி 1960களில் ஒரே மெசினில் சோடி சேர்ந்த இரு மூத்த மாணவியரை நாம் அறிவோம். பெயர் எழுத வேண்டாம் என்ற நிபந்தனையோடு தங்கள் கதையை எழுத இருவரும் இசைந்தனர். ஒருவர் வீட்டில் மலாயாக் காசில் வாங்கிய மெசின் இருந்தது. மற்றவர் வீட்டில் இல்லை. பாடசாலை விட்டபின் இருவரும் அந்த ஒரு மெசினிலேயே தைத்தனர். 1970களின் துணித் தட்டுப்பாட்டில் பழைய சேலையை வெட்டிப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்ததும், சந்நிதித் தேருக்கு இரு வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே துணியில் உடுப்புத் தைத்ததும் அவர்கள் இன்றும் சிரித்துச் சொல்லும் கதைகள்.

1987 மே 26 ஆம் திகதி வடமராட்சி மீது 'ஒப்பறேசன் லிபரேசன்' தொடங்கியது. ஊர் ஓடியது. மெசினின் காலை விட்டுவிட்டுத் தலையை மட்டும் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டினார் ஒருவர். நூற்கட்டைப் பேணியை எடுத்தார் மற்றவர். 1990 இல் போர் மீண்டும் மூண்டு, மின்சாரமும் நின்று, பொருளாதாரத் தடையும் வந்தபோது, மின்சாரம் தேவைப்படாத அந்த மெசின் நிற்கவில்லை. நூல் இல்லாதபோது மாச்சாக்கின் வாயிலுள்ள தையலை ஒரே இழுவையில் உருவி எடுத்தனர். மெசினுக்குத் தேங்காயெண்ணெய் விட்டால் சில நாளில் பிசின்போல இறுகிவிடும். கழற்றித் துடைத்து மறுபடி பூட்டுவார்கள். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து வந்தபோது, மாற்றுத்துணி இல்லாமல் வந்த பிள்ளைகளுக்கு இருவரும் இரவில் விளக்கு வெளிச்சத்தில் தைத்தனர்.

எமது உறவினர் பலர் உத்தியோகம் பார்த்த சிங்கப்பூரிலும் இதையொத்த ஒன்று நிகழ்ந்தது. 1942 இல் யப்பானியர் அத்தீவைப் பிடித்தபின் சாங்கிச் சிறையில் அடைபட்ட சாரணச் சிறுமியர், தம் தலைவி எலிசபெத் எனிஸின் பிறந்தநாளுக்காக, கிடைத்த துணித் துண்டுகளை அறுகோணமாக வெட்டி, இரகசியமாக ஒரு போர்வை தைத்தனர். அதைக் கண்டு தூண்டப்பட்ட எதெல் மல்வேனி என்ற கனேடியப் பெண் கைதிகளைத் திரட்டினார். ஒவ்வொருத்தியும் ஒரு சதுரத் துணியில் தன் பெயரையோ சித்திரத்தையோ தைக்க, போர்வை ஒன்றுக்கு 66 சதுரங்களாக மூன்று போர்வைகள் உருவாயின. வேறு முகாமிலிருந்த கணவன்மாருக்கு "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று அவர்கள் அனுப்பிய செய்தி அது. அப்போர்வைகள் இன்றும் பேணப்படுகின்றன. எம்மவர் தைத்த சட்டைகள் கிழிந்து போயின, பேணுவார் இல்லை.

1990களின் பிற்பகுதியில் அத்தோழியரில் ஒருவர் கனடா சென்றார். போகும்போது மெசினையும், அலுமாரியில் ஓர் அளவுச் சட்டையையும் தோழியிடம் விட்டுச் சென்றார். அன்றுமுதல் கனடாக்காரியின் சேலைச் சட்டைகள் யாவும் தொண்டைமானாற்றிலேயே தைக்கப்பட்டன. ஊருக்கு வருபவர் கையில் துணி வரும். போகிறவர் கையில் சட்டை போகும்.

சில ஆண்டுகளுக்கு முன், "இந்தமுறை மார்பு ரெண்டு அங்குலம், கை ஒரு அங்குலம் குறைச்சுத் தை" என்று தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்.

"என்னடி, மெலிஞ்சு போனியோ?"

"வயது போச்சுதெல்லே."

இவர் நம்பவில்லை. மறுநாள் எம்மிடம் வந்து, "பிள்ளை, அவளுக்கு ஏதோ வருத்தம். இருபது வருசமாய் மாறாத அளவு. அவள் பொய் சொல்லுவாள், சட்டை பொய் சொல்லாது" என்றார். நாமும் அப்படியே எண்ணி, உடனே இரத்தம் சோதிக்கும்படி கனடாவுக்கு அழைத்து வற்புறுத்தினோம். கட்டுப்பாடின்றி ஏறியிருந்த சலரோகம் தெரியவந்தது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உடன் இருந்தும் கவனிக்காததை, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்து ஓர் அளவு நாடா கண்டுபிடித்தது. இன்று அவர் நலமாக உள்ளார். சென்ற ஆண்டு, "பழைய அளவுக்கே தை" என்று செய்தி வந்ததாம். அதைச் சொல்லும்போது அந்த அம்மையார் அழுதார்.

மருத்துவம் படிக்கையில் காயத்துக்குத் தையல் போடக் கற்றோம். இழுத்து இறுக்காதே, இறுக்கினால் ஓரத்துக்கு இரத்தம் போகாது என்றனர். அதன் பாதியை எமது தையல் ரீச்சர் முன்னரே சொல்லித் தந்திருந்தார்: இறுக்கினால் துணி சுருங்கும்.

மனைவியாக்க ஏற்பட்ட பாடம் எம்மைத் தோழியராக்கியது. அந்தக் கைமெசின்களில் ஒன்று இன்னும் பாடசாலைக் களஞ்சியத்தில் தூசி படிந்து கிடக்கிறது. அதைத் துடைத்து எண்ணெய் விட்டு நூற்றாண்டு மண்டபத்தில் வைக்குமாறு எமது சங்கத்தை வேண்டுகிறோம். அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியும் ஊசியும் நூலும் இருக்கட்டும். விழாவுக்கு வரும் ஒவ்வொரு பழைய மாணவியும் தன் பெயரையும், தன் மெசினைச் சுற்றியவளின் பெயரையும் அதில் தைத்துச் செல்லட்டும். பதிவேட்டில் இல்லாத வரி அத்துணியிலாவது இருக்கும்.