டியூப் ஆம்ப் திடீர்னு சைலன்ட் ஆகிடுச்சா? டூர் கிளம்பும் முன் இந்த வரிசையில் செக் பண்ணுங்க!

விடிஞ்சா வேன் வந்துடும். முசிறி கைகாட்டியில் ஏறினால் நாமக்கல், சேலம், பெங்களூரு என்று நாலு நாளில் மூணு மேடை. கடைசியா ஒருமுறை வாசிச்சுப் பார்க்கலாம் என்று கிதாரை மாட்டி, ஆம்ப்பை ஆன் பண்ணினால்... சத்தமே இல்லை. மணி ராத்திரி ஒன்பது. திருச்சி சுமார் 40 கிலோமீட்டர். அடிச்சுப் பிடிச்சுப் போனாலும் கடை மூடியிருக்கும்.

இந்த நிலைமையில் பலரும் முதலில் தேடுவது ஸ்க்ரூ டிரைவரைத்தான். அதை அப்படியே கீழே வைங்க. டியூப் ஆம்ப் 'செத்துப்போச்சு' என்று நாம் முடிவு கட்டும் பல நேரங்களில், கோளாறு பெட்டிக்கு வெளியேதான் இருக்கும். பிளக், ஃபியூஸ், கேபிள், ஸ்பீக்கர் என்று சுவரில் இருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தால், அரை மணி நேரத்தில் விஷயம் பிடிபட்டுவிடும். எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

தாத்தா வீட்டு ரேடியோவும் உங்க ஆம்ப்பும்

திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16-ல் ஒலிபரப்பைத் தொடங்கியது. அந்தக் காலத்தில் வீட்டு ரேடியோக்களுக்குள் எரிந்துகொண்டிருந்த கண்ணாடிக் குழாய்களை நம்மூரில் 'வால்வு' என்பார்கள். ஆன் பண்ணியதும் பாட்டு வராது. வால்வு சூடாகிற வரை காத்திருக்க வேண்டும். உங்கள் கிதார் ஆம்ப்பில் இருக்கும் டியூபும் அதே குடும்பம்தான்.

டியூபுக்குள் ஒரு சின்ன ஹீட்டர் இருக்கும். பெரும்பாலான ஆம்ப்களில் அதற்கு 6.3 வோல்ட் போதும். நாம் பார்க்கும் ஆரஞ்சு வெளிச்சம் அதுதான். ஆனால், சிக்னலைப் பெரிதாக்கும் வேலைக்கு 300 முதல் 500 வோல்ட் வரை டி.சி. மின்சாரம் தனியாகத் தேவை. ஸ்டாண்ட்பை சுவிட்ச் வழக்கமாக இந்த உயர் வோல்டேஜைத்தான் நிறுத்தி வைக்கும்.

சின்ன டியூப்கள் (12 ஏ.எக்ஸ்.7, இதற்கே இ.சி.சி.83 என்றும் பெயர்) ப்ரீ ஆம்ப் வேலையைப் பார்க்கும். பெரிய டியூப்கள் (இ.எல்.34, 6 எல்.6, இ.எல்.84 போன்றவை) ஸ்பீக்கரைத் தள்ளும் பவரைக் கொடுக்கும்.

சேஸிஸைத் திறக்காதீங்க

ஆம்ப்புக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் அந்த உயர் வோல்டேஜைச் சேமித்து வைப்பவை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த சார்ஜ் உள்ளேயே தங்கியிருக்கலாம். பிளக்கைக் கழற்றிட்டோமே என்று கையை விட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால், கீழே சொல்வதெல்லாம் சேஸிஸைத் திறக்காமலே செய்யக்கூடியவை மட்டும். கையில் ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் இருந்தால் நல்லது.

இன்னொரு விதி: ஸ்பீக்கரை மாட்டாமல் டியூப் ஆம்ப்பை ஆன் பண்ணவே கூடாது. ஸ்பீக்கர் இல்லாமல் ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி, அதுவே எரிந்துபோகலாம். ஆம்ப்பிலேயே விலை கூடின பாகங்களில் அதுவும் ஒன்று.

நிலைமை 1: லைட்டும் இல்லை, டியூபும் எரியலை

மின்சாரமே உள்ளே போகவில்லை என்று அர்த்தம். இந்த வரிசையில் பாருங்க.

1. சுவர் சாக்கெட். செல்போன் சார்ஜரை மாட்டி, சார்ஜ் ஏறினால் கரன்ட் சரி என்று நினைப்போம். அது போதாது. பெரும்பாலான சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை எதில் மாட்டினாலும் வேலை செய்யும். மல்டிமீட்டரை ஏ.சி. ரேஞ்சில் வைத்து அளந்து பாருங்க. 230-ஐ ஒட்டி இருக்கணும்.

2. எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் பவர் கார்டும். எக்ஸ்டென்ஷனைத் தவிர்த்து நேராகச் சுவரில் மாட்டுங்க. பவர் கார்டு கழற்றக்கூடியதாக இருந்தால், அதே மாதிரி மூணு பின் கார்டு ஒன்றை மாற்றிப் பார்க்கலாம். டெஸ்க்டாப் கம்ப்யூட்டருக்கு வருவது பெரும்பாலும் இதே கார்டுதான்.

3. வோல்டேஜ் செட்டிங். வெளிநாட்டில் இருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த ஆம்ப்பா? பின்பக்கம் 120 வோல்ட் என்று போட்டிருந்தால் நம்ம 230 வோல்ட்டில் நேரடியாக மாட்டவே கூடாது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். தெரியாமல் மாட்டியிருந்தால், ஃபியூஸ் மட்டும் போயிருந்தால் அதிர்ஷ்டம்.

4. மெயின் ஃபியூஸ். பல ஆம்ப்களில் பவர் கார்டு மாட்டும் இடத்தை ஒட்டியே ஒரு குட்டி டிராயர் இருக்கும். சிலவற்றில் ஸ்பேர் ஃபியூஸும் அதிலேயே இருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு ஃபியூஸை வெளியே எடுத்து, மல்டிமீட்டரை பீப் மோடில் வைத்துச் சோதியுங்க. பீப் வரவில்லை என்றால் ஃபியூஸ் போச்சு. கண்ணால் பார்த்து முடிவு பண்ணாதீங்க. கம்பி அறுந்தது சில சமயம் வெளியே தெரியாது.

புது ஃபியூஸ் வாங்கும்போது ஆம்பியர் மட்டும் பார்த்தால் போதாது. 'டி' என்று போட்டிருந்தால் ஸ்லோ ப்ளோ, 'எஃப்' என்று இருந்தால் ஃபாஸ்ட் ப்ளோ. ஆம்ப்பின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறதோ, அச்சு அசலாக அதையே வாங்குங்க.

வீட்டு ஃபியூஸ் கேரியரில் கையில் கிடைத்த கம்பியைச் சுற்றும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதையோ சாக்லேட் பேப்பரின் ஃபாயிலையோ இங்கே வைத்தால், அறுந்து காப்பாற்ற வேண்டிய ஃபியூஸ் சும்மா இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் எரியும்.

நிலைமை 2: டியூப் எரியுது, சத்தம் இல்லை

1. சிரிக்காதீங்க, ஸ்டாண்ட்பை சுவிட்சைப் பாருங்க. அப்புறம் ஆம்ப் வால்யூம், மாஸ்டர் வால்யூம், கிதாரில் இருக்கும் வால்யூம் குமிழ்.

2. பெடல்களை எல்லாம் கழற்றிடுங்க. கிதார், ஒரு கேபிள், ஆம்ப். மூணு மட்டும். சத்தம் வந்துவிட்டால் கோளாறு பெடல் போர்டில்தான். வரவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்க.

3. எஃபெக்ட்ஸ் லூப். பின்னால் சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஜாக் இருந்தால், ஒரு சின்ன பேட்ச் கேபிளால் இரண்டையும் இணையுங்க. லூப்பைப் பயன்படுத்தாத நேரத்தில் பல ஆம்ப்களில் சிக்னல் இந்த ஜாக்கின் உள் தகடு வழியாகத்தான் போகும். காவிரிக்கரை ஈரக்காற்றில் அந்தத் தகடு கறுத்துப்போனால் சிக்னல் அங்கேயே நின்றுவிடும். பேட்ச் கேபிள் போட்டதும் சத்தம் வந்தால், டூர் முழுக்க அப்படியே விட்டுவிட்டு வாசிக்கலாம். திரும்பி வந்து காண்டாக்ட் கிளீனர் போட்டுக்கொள்ளலாம்.

4. ரிட்டர்ன் ஜாக்கில் நேராகக் கிதார். சத்தம் வந்தால் பவர் பகுதி, ஸ்பீக்கர் எல்லாம் நல்லா இருக்கு, கோளாறு ப்ரீ ஆம்ப் பக்கம். அங்கேயும் வரவில்லை என்றால் சந்தேகம் பவர் டியூப், உயர் வோல்டேஜ் ஃபியூஸ், ஸ்பீக்கர் பக்கம்.

5. ஸ்பீக்கர். ஆம்ப்பை ஆஃப் பண்ணி, ஸ்பீக்கர் கேபிளை ஆம்ப்பில் இருந்து கழற்றி, அதன் முனையில் மல்டிமீட்டரை ஓம் ரேஞ்சில் வைங்க. 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் 6, 7 என்று ஏதோ ஒன்று காட்டும். எதுவுமே காட்டவில்லை என்றால் கேபிளோ, ஸ்பீக்கரின் வாய்ஸ் காயிலோ அறுந்திருக்கு. மல்டிமீட்டர் இல்லையா? கழற்றிய அதே முனையில் 9 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி மட்டும் தொட்டு எடுங்க. 'டப்' என்று கோன் அசைந்தால் ஸ்பீக்கர் உயிரோடு இருக்கு. ஸ்பீக்கர் கேபிளுக்குப் பதிலாக கிதார் கேபிளை மாட்டும் தவறை மட்டும் செய்யாதீங்க. அந்த மெல்லிய கம்பி இந்த வேலைக்கு ஆகாது.

6. டியூப். உங்கள் ஆம்ப்பில் பின்பக்கத் தடுப்பை எடுத்தாலே டியூப் தெரியும் என்றால் மட்டும் இது. ஆஃப் பண்ணி, பிளக்கைக் கழற்றி, டியூப் ஆறும் வரை காத்திருங்க. கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளிப் பூச்சு மாதிரி பளபளப்பாக ஒரு திட்டு இருக்கும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, அந்த டியூப் காலி. மற்றவற்றை லேசாக ஆட்டி, சாக்கெட்டில் நன்றாக உட்கார வைங்க. வேன் குலுக்கலில் டியூப் தளர்வது சகஜம். ப்ரீ ஆம்ப் டியூபை, அதே நம்பர் உள்ள நல்ல டியூபால் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம். பவர் டியூப் கதை வேறு. பல ஆம்ப்களில் அதை மாற்றினால் பயஸ் அட்ஜஸ்ட் செய்யணும். அது டெக்னீஷியன் வேலை.

நிலைமை 3: இங்கே நிறுத்திடுங்க

* புது ஃபியூஸும் போட்டவுடனே போகிறது. உள்ளே எங்கேயோ ஷார்ட். ஸ்டாண்ட்பையை எடுத்த நொடியில் போனால் முதல் சந்தேகம் பவர் டியூப் மேல். மூணாவது ஃபியூஸை வீணாக்காதீங்க.
* பவர் டியூபின் உள்ளே இருக்கும் உலோகத் தகடே சிவப்பாகப் பழுக்கிறது. உடனே ஆஃப்.
* எரிந்த வாசனை, புகை, வெடித்த சத்தம்.
* கிதாரை வாசிக்காதபோதும் பெரிய 'ஹம்' சத்தம். கேபிள், எர்த் எல்லாம் சரி என்றால், வயதான ஃபில்டர் கெப்பாசிட்டராக இருக்கலாம்.

இவற்றில் எது நடந்தாலும் ஆம்ப்பை வீட்டிலேயே விட்டுட்டுக் கிளம்புங்க. யாரிடம் கொடுப்பது? வால்வு ரேடியோ காலத்தில் தொழில் கற்ற மூத்த மெக்கானிக் யாராவது உங்கள் ஊரில் இருக்கிறாரா என்று விசாரியுங்க. கிதார் ஆம்ப் அவருக்குப் புதுசாக இருக்கலாம், வால்வு புதுசு இல்லை. மாடலின் சர்க்யூட் டயகிராமை டவுன்லோடு செய்து பிரின்ட் எடுத்துக்கொண்டு போங்க. அவர் வேலை பாதியாகக் குறையும்.

எர்த் பின்னை வெட்டாதீங்க

'ஹம்' வருது என்று பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவது, டேப் ஒட்டுவது எல்லாம் இன்னமும் நடக்கிறது. ஒரு கை கிதார் கம்பியில், உதடு மைக்கில். இரண்டில் ஒன்று எர்த் ஆகவில்லை என்றால் நடுவில் இருப்பது நம் உடம்பு. ஸ்டோன் தி க்ரோஸ் பேண்டின் கிதாரிஸ்ட் லெஸ் ஹார்வி, 1972 மே 3-ல் வேல்ஸின் ஸ்வான்ஸீ நகர மேடையில், சரியாக எர்த் ஆகாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார்.

நம்மூர் திருவிழா மேடைகளில் ஜெனரேட்டர் லைனும் உண்டு. அங்கே வோல்டேஜ் ஏறி இறங்கும். ஆன் பண்ணும் முன் மல்டிமீட்டரால் ஒருமுறை அளந்துடுங்க. 250-ஐத் தாண்டினால் ஆம்ப்பை மாட்டவே வேண்டாம், மைக்செட் அண்ணனிடம் சொல்லுங்க.

வேனில் ஏற்ற வேண்டியவை

* சரியான ரேட்டிங்கில் அஞ்சு ஃபியூஸ்
* 12 ஏ.எக்ஸ்.7 டியூப் இரண்டு; முடிந்தால், மேட்ச் செய்த பவர் டியூப் ஒரு செட்
* ஸ்பேர் ஸ்பீக்கர் கேபிள், பவர் கார்டு, பேட்ச் கேபிள்
* மல்டிமீட்டர், டார்ச், 9 வோல்ட் பேட்டரி
* பிளான் பி: கேபினெட் சிமுலேஷன் உள்ள மல்டி எஃபெக்ட்ஸ் பெடல். ஆம்ப் கைவிட்டால் நேராக மிக்ஸரில் மாட்டலாம். லைட் மியூசிக் குழுக்களில் பல கிதாரிஸ்ட்கள் தினமும் இப்படித்தான் வாசிக்கிறார்கள்.

இன்னொன்று, காலண்டரில் குறிச்சுக்கோங்க. டூருக்கு ஒரு வாரம் முன்பு, ஆம்ப்பை மேடை வால்யூமில் இரண்டு மணி நேரம் ஓட்டிப் பாருங்க. டியூப் பக்கத்துத் தெருக் கடையில் கிடைக்கும் சாமான் இல்லை. ஆர்டர் பண்ணினால் கூரியர் வர நாளாகும். அந்த ஒரு வாரம் கையில் இருந்தால், டியூப் போனாலும் டூர் போகாது. கச்சேரி முடிந்ததும் சூடு ஆறவிட்டு வேனில் ஏற்றுங்க. சூடான டியூபுக்குக் குலுக்கல் ஆகாது.