கிரீன் அறக்கட்டளைச் சொற்பொழிவுகள்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஃபுல்டன் என்ற சிற்றூர் உள்ளது. அங்குள்ள வெஸ்ட்மின்ஸ்டர் கல்லூரியில் 1937 முதல் நடந்துவரும் பொதுச் சொற்பொழிவு வரிசை இது. 1946இல் வின்ஸ்டன் சர்ச்சில் ஆற்றிய ‘இரும்புத்திரை’ உரையால் உலகப் புகழ் பெற்றது.

கல்லூரி 1851இல் பிரெஸ்பிட்டீரியன் திருச்சபையினரால் தொடங்கப்பட்டது. 1909இல் அதன் முதன்மைக் கட்டடம் தீக்கிரையாகி, முகப்பின் ஆறு தூண்கள் மட்டும் எஞ்சின. அவற்றை இடிக்காமல் விட்டுவைத்தார்கள். புதிய மாணவர்கள் அந்தத் தூண்களுக்கிடையே நடந்து கல்லூரிக்குள் நுழைவதும், படிப்பு முடிந்ததும் அதே வழியே வெளியேறுவதும் சடங்காக நிலைத்துவிட்டன.

செயிண்ட் லூயிஸ் வழக்கறிஞரும் கல்லூரியின் பழைய மாணவருமான ஜான் ஃபிண்ட்லி கிரீனின் நினைவாக, அவருடைய மனைவி 1936இல் இந்த அறக்கட்டளையை நிறுவினார். உலகறிந்த ஒருவரை அழைத்துவந்து, நாடுகளுக்குப் பொதுவான பொருளாதார, சமூக, அரசியல் சிக்கல்கள் பற்றிப் பேசச் செய்வது நோக்கம். ஒரே பேச்சாளர் மூன்று, நான்கு உரைகள் ஆற்றுவது தொடக்ககால ஏற்பாடு. கனடாவின் வெளியுறவுத் துறைச் செயலர் ஆஸ்கர் ஸ்கெல்டன் 1937இல் ஆற்றிய உரைகள் மறு ஆண்டு நூலாயின.

1945 ஜூலைத் தேர்தலில் சர்ச்சிலின் கட்சி தோற்று, அவர் பிரதமர் பதவியை இழந்திருந்தார். அந்த அக்டோபரில் கல்லூரித் தலைவர் ஃபிராங்க் மக்ளூயர் அவருக்கு ஓர் அழைப்புக் கடிதம் எழுதினார். மிகச் சிறிய கல்லூரி ஒன்றின் கடிதம் குப்பைக்கூடைக்குப் போகாமல் காத்தது ஒரு பழைய நட்பு. மக்ளூயருடன் படித்த ஹாரி வான் அப்போது அதிபர் ட்ரூமனின் ராணுவ உதவியாளர். அவர் வழியாகக் கடிதம் அதிபரின் மேசைக்குப் போயிற்று. ட்ரூமனும் மிசூரிக்காரர். அருமையான கல்லூரி, வாருங்கள், நானே அறிமுகம் செய்துவைக்கிறேன் என்ற பொருளில் அடியில் தம் கைப்படச் சில வரிகள் எழுதிச் சேர்த்தார். ஒரே ஓர் உரை என்ற ஏற்பாட்டில் சர்ச்சில் ஒப்புக்கொண்டார்.

1946 மார்ச் 4 அன்று இருவரும் வாஷிங்டனிலிருந்து ரயிலில் புறப்பட்டார்கள். வழியில் சீட்டாட்டம் நடந்தது. மறுநாள் ஜெஃபர்சன் சிட்டியில் இறங்கி, காரில் ஃபுல்டன் சேர்ந்தார்கள். சில ஆயிரம் பேரே வசித்த ஊரில் அன்று 40,000 பேர் வரை திரண்டதாகக் கூறப்படுகிறது. மதிய உணவு மக்ளூயர் வீட்டில். அந்த வட்டாரத்துக்குப் பேர்போன பன்றித்தொடைக் கறியைச் சுவைத்த சர்ச்சில், பன்றி இனம் தன் பரிணாமத்தின் உச்சத்தை இங்கேதான் எட்டியிருக்கிறது என்று பாராட்டினாராம். உரை, கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் என்ற பெயர் தமக்குப் பழக்கமானதாகப்படுகிறதே என்று சர்ச்சில் தொடங்க, பிரிட்டன் நாடாளுமன்றத்தை நினைத்துக் கூட்டம் சிரித்தது. கௌரவ டாக்டர் பட்டமும் அன்றே வழங்கப்பட்டது.

ஐரோப்பாவைச் சோவியத் ஆதிக்கப் பகுதி, மற்ற பகுதி எனப் பிரித்த கோட்டையே அவர் இரும்புத்திரை என்றார். ஆனால் உரைக்கு அவர் வைத்த தலைப்பில் அச்சொல் இல்லை. ‘அமைதியின் தசைநார்கள்’ என்பதே தலைப்பு. ‘இரும்புத்திரை’ என்ற தொடரும் அவர் ஆக்கியதன்று. 1920இலேயே பிரிட்டிஷ் பெண்ணுரிமைப் போராளி ஈதல் ஸ்னோடனும், 1945இல் நாஜிப் பிரசார அமைச்சர் கோயபல்ஸும் அதைக் கையாண்டிருக்கிறார்கள். சர்ச்சிலே 1945 மே மாதம் ட்ரூமனுக்கு அனுப்பிய தந்தியில் எழுதியிருந்தார். பனிப்போர் இந்த உரையோடு தொடங்கியது என்பாரும், முன்பே மூண்டிருந்ததற்கு இது பெயர் சூட்டியது என்பாரும் உளர். உரையைத் தாம் முன்கூட்டியே படிக்கவில்லை என்றார் ட்ரூமன். அவர் படித்துப் பாராட்டியதாகப் பிரதமர் அட்லிக்குச் சர்ச்சில் தெரிவித்தார். ஒரு வாரத்துக்குப் பின் ‘பிராவ்தா’ இதழில் ஸ்டாலின் அளித்த பதில், சர்ச்சிலைப் போர் மூட்டுபவர் எனச் சாடியது.

1954இல் ட்ரூமனே பேச்சாளராகத் திரும்பி வந்தார்.

சர்ச்சில் வருகையின் நினைவாகக் கல்லூரி லண்டனிலிருந்து ஒரு தேவாலயத்தையே பெயர்த்துவந்தது. கிறிஸ்டோபர் ரென் கட்டிய செயின்ட் மேரி ஆல்டர்மன்பரி ஆலயம் 1940 டிசம்பர் குண்டுவீச்சில் எரிந்து, சுவர்கள் மட்டும் நின்றிருந்தது. அதன் ஏறக்குறைய 7,000 கற்கள் எண்ணிடப்பட்டுக் கடல் தாண்டி வந்து, ஃபுல்டனில் மீண்டும் அடுக்கப்பட்டன. 1964இல் முதல் மண்ணை வெட்டியவர் ட்ரூமன். 1969இல் ஆலயம் திறக்கப்பட்டது. அதன் அருகே, பெர்லின் சுவரின் எட்டுத் துண்டுகளில் சர்ச்சிலின் பேத்தி எட்வினா சாண்டிஸ் செய்த சிற்பத்தை 1990 நவம்பரில் ரீகன் அர்ப்பணித்தார். 1992 மே மாதம் கோர்பசேவ் அதே வளாகத்தில் நின்று பனிப்போரின் முடிவைப் பற்றிப் பேசினார். 1996இல் மார்கரெட் தாட்சர் உரையாற்றினார்.

2004 ஏப்ரலில் துணை அதிபர் டிக் செனி இக்கல்லூரியில் ஆற்றிய உரை, தேர்தல் எதிராளி ஜான் கெர்ரியைத் தாக்கும் பிரசாரமாக அமைந்தது. கல்லூரித் தலைவர் தம் ஏமாற்றத்தை வெளிப்படையாகத் தெரிவித்து கெர்ரியையும் அழைக்க, அவர் சில நாட்களிலேயே வந்து பதிலுரைத்தார். 2017 செப்டம்பரில் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் வெளியுறவுக் கொள்கை குறித்துக் கிரீன் சொற்பொழிவை நிகழ்த்தினார்.