மீட்பு நாய் தத்தெடுப்பு

மீட்பு நாய் தத்தெடுப்பு என்பது தெருவிலிருந்தோ கைவிடப்பட்ட நிலையிலோ கொடுமைக்கு உள்ளான இடத்திலிருந்தோ மீட்கப்பட்டு, விலங்குக் காப்பகம் ஒன்றில் பராமரிக்கப்படும் நாயை, ஒருவர் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்று அதன் வாழ்நாள் முழுவதும் வளர்க்கும் பொறுப்பை ஏற்பதாகும். விலை கொடுத்து நாய் வாங்குவதற்கு மாற்றாக விலங்கு நல அமைப்புகள் இதனைப் பரிந்துரைக்கின்றன. எனினும் இதில் சில இடர்களும் உள்ளன. மீட்கப்பட்ட நாயின் முன்வரலாறு பெரும்பாலும் அறியப்படாதது. மேலும் நோய், அச்சம், கடிக்கும் இயல்பு போன்றவை காப்பகத்தில் மறைந்திருந்து, நாய் வீட்டுக்கு வந்த பின்னரே வெளிப்படலாம். இக்கட்டுரை அவ்விடர்களையும் அவற்றைத் தவிர்க்கும் வழிகளையும் விவரிக்கிறது.

வரலாறு

ஆதரவற்ற நாய்களுக்கான பழமையான காப்பகங்களுள் ஒன்று 1860 இல் இலண்டன் நகரின் ஆலோவே பகுதியில் மேரி டீல்பி என்பவரால் தொடங்கப்பட்டது. அது 1871 இல் பாட்டர்சீ பகுதிக்கு மாற்றப்பட்டு, இன்றும் அப்பெயராலேயே அறியப்படுகிறது. இந்தியாவில் கேப்டன் வி. சுந்தரம் 1959 இல் சென்னையில் புளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கினார். விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960 இல் இயற்றப்பட்டது. முற்காலத்தில் பல நாடுகளில் எவரும் தேடி வராத நாய்கள் பெருமளவில் கொல்லப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கருத்தடை அறுவையும் தடுப்பூசியும் பரவலான பின்னர், நாய்களைத் தத்துக்கொடுத்தல் காப்பகங்களின் முதன்மைப் பணிகளுள் ஒன்றாக வளர்ந்தது.

உடல்நலம் சார்ந்த இடர்கள்

வெறிநாய்க்கடி நோய்

இவ்விடர்களுள் மனிதர்க்கு மிகக் கொடியது ரேபிஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோய். இதன் நோயரும்பு காலம் நாய்களில் பொதுவாகச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும். ஆகவே நோய்த்தொற்று உள்ள நாய், மீட்கப்படும் நாளில் முழு நலத்துடன் தோன்றக்கூடும். குட்டிகளுக்கு இந்நோய்த் தடுப்பூசி பொதுவாக மூன்று மாத வயதில்தான் போடப்படுகிறது என்பதால், தெருவில் கண்டெடுக்கப்படும் சிறு குட்டி பாதுகாப்பானது என்று கருதுவது தவறு. நோய்த்தொற்று ஏற்பட்ட பின்னர் போடப்படும் தடுப்பூசி அந்நாயைக் காக்கும் என்பதற்கும் உறுதியில்லை.

நோர்வே நாட்டைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் பிலிப்பீன்சில் விடுமுறையைக் கழித்தபோது, தெருவோரத்தில் கண்ட நாய்க்குட்டியைத் தம் தங்குமிடத்திற்கு எடுத்துச் சென்று பராமரித்தார். குட்டியுடன் விளையாடியபோது ஏற்பட்ட சிறு காயங்களுக்காக அவர் மருத்துவரை நாடவில்லை. நாடு திரும்பிய அவர் 2019 மே மாதத்தில் வெறிநாய்க்கடி நோயால் இறந்தார். நோய்க்குறிகள் தோன்றிய பின் இந்நோய்க்குப் பயனுள்ள மருத்துவம் இல்லை. எனவே நாயின் பல்லோ நகமோ பட்டுத் தோல் கிழிந்தால், காயம் எவ்வளவு சிறிதாயினும், ஓடும் நீரில் சவர்க்காரம் இட்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரை அணுகித் தடுப்பூசி பெறுதல் வேண்டும்.

பிற நோய்கள்

பார்வோ தீநுண்மம் குட்டிகளில் வாந்தியையும் குருதி கலந்த வயிற்றுப்போக்கையும் உண்டாக்கி, சில நாட்களில் உயிரைப் போக்கக்கூடியது. தொற்றிய மூன்று முதல் ஏழு நாட்களில் பொதுவாக நோய்க்குறிகள் தோன்றும். சிலவேளை இரு வாரங்கள் வரை ஆகலாம். பல நாய்கள் நெருங்கி வாழும் காப்பகங்களில் இது எளிதில் பரவும். இத்தீநுண்மம் மண்ணிலும் தரையிலும் பல மாதங்கள் அழியாதிருக்கும். எனவே இந்நோயால் ஒரு நாய் இறந்த வீட்டிற்கு, தடுப்பூசி முடிவடையாத மற்றொரு குட்டியைக் கொண்டுவருவது ஆபத்தானது. டிஸ்டெம்பர் நோயில் முதலில் சளியும் காய்ச்சலும் தோன்றும். வலிப்பு முதலிய நரம்புக் குறிகள் பல வாரங்கள் கழித்தும் வரலாம்.

கொசுக்களால் பரவும் இதயப்புழு, தொற்றிய ஏறத்தாழ ஆறு மாதங்களுக்குப் பின்னரே சோதனையில் புலப்படும். ஆகவே ஒருமுறை செய்த சோதனையில் நோய் இல்லை எனத் தெரிந்தாலும், சில மாதங்களுக்குப் பின் மீண்டும் சோதிப்பது தேவை. உண்ணிகளால் பரவும் காய்ச்சல்களும் வெளிப்படையான குறிகள் இன்றி உடலில் நீண்டகாலம் தங்கியிருக்கலாம்.

நடத்தை சார்ந்த இடர்கள்

காப்பகத்தில் காணும் நாயின் நடத்தையும் அதே நாய் வீட்டில் காட்டும் நடத்தையும் வேறுபடுவது இயல்பு. இரைச்சலும் புதிய மணங்களும் நிறைந்த கூண்டில் அச்சத்தால் ஒடுங்கிக் கிடக்கும் நாய், காண்போர்க்குச் சாதுவான நாயாகத் தோன்றும். வீட்டில் சில வாரங்கள் வாழ்ந்து அச்சம் நீங்கிய பின், அது உணவைக் காத்து உறுமுதல், அந்நியரைக் கடிக்கப் பாய்தல், தனித்து விடப்படும்போது கதவைப் பிறாண்டி ஓயாது ஊளையிடுதல் போன்றவற்றைக் காட்டக்கூடும். இதற்கு மாறாக, கூண்டில் முரடாகக் குரைத்த நாய் வீட்டில் அமைதியடைவதும் உண்டு.

காப்பகங்கள் சில, தத்துக்கொடுக்கும் முன் நாய்களுக்கு நடத்தைச் சோதனைகள் நடத்துகின்றன. செயற்கைக் கையால் உணவுத்தட்டை இழுத்தல், பொம்மையைக் காட்டுதல் முதலியன இதில் அடங்கும். இத்தகைய சோதனைகளின் முடிவுகள் நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிட மேலானவை அல்ல என்று கேரி பேட்ரோனெக், சானிசு பிராட்லி ஆகியோர் 2016 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் வாதிட்டனர். நாய் வளர்ப்பு இல்லம் ஒன்றில் வாழ்ந்திருந்தால், அவ்வீட்டார் கூறும் தகவல் இச்சோதனைகளைவிடப் பயன்மிக்கதாக அமையும்.

நாய்க்குட்டி மனிதரையும் பிற உயிர்களையும் அஞ்சாது பழகக் கற்கும் பருவம், ஏறத்தாழ மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரை ஆகும். இதனைச் சான் பால் இசுக்காட்டு, சான் புல்லர் ஆகியோர் 1965 இல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கினர். இப்பருவத்தில் மனிதத் தொடர்பின்றி வளர்ந்த நாய், அன்பு காட்டப்பட்டாலும் வாழ்நாள் முழுவதும் அச்சமுடையதாக இருக்கக்கூடும். அத்தகைய நாய் அடிபட்டு வளர்ந்ததாகப் பலர் கருதுவர். ஆனால் அச்சம் எல்லாம் கொடுமையின் விளைவல்ல.

உறுமுதல் நாய் தரும் எச்சரிக்கை ஆகும். உறுமிய நாயை அடித்து அடக்கினால், அது எச்சரிக்கையின்றியே கடிக்கக் கற்றுக்கொள்ளக்கூடும்.

இனமும் வயதும்

காப்பக அட்டையில் எழுதப்படும் இனமும் வயதும் பெரும்பாலும் தோற்றத்தைக் கொண்டு கணிக்கப்பட்டவை. விக்டோரியா வொய்த் முதலானோர் 2009 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தத்தெடுக்கப்பட்ட 20 கலப்பின நாய்களுக்குக் காப்பகங்கள் குறித்த இனங்கள், மரபணுச் சோதனை முடிவுகளுடன் பெரும்பாலும் ஒத்துப்போகவில்லை. எனவே இனப்பெயரை நம்பி நாயின் வளர்ந்த உருவத்தையோ குணத்தையோ முடிவு செய்வது பிழையாகலாம்.

போலி மீட்பு அமைப்புகள்

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2017 இல் இயற்றி 2019 இல் நடைமுறைப்படுத்திய சட்டம், விலங்குக் கடைகளில் மீட்பு விலங்குகளை மட்டுமே விற்கலாம் என விதித்தது. இத்தகைய சட்டங்களை ஏய்க்க, வணிக இனப்பெருக்கப் பண்ணைகளின் குட்டிகளை மீட்கப்பட்டவை எனக் காட்டும் போலி அமைப்புகள் தோன்றின. அவ்வாறான ஓர் அமைப்பின்மீது ஐயோவா மாநில அரசு 2019 இல் வழக்குத் தொடுத்தது. ஓர் அமைப்பிடம் ஒரே வயதுடைய உயர் இனக் குட்டிகள் எப்போதும் கிடைப்பதும், தத்துக்கட்டணம் கடை விலைக்கு நிகராக இருப்பதும், நாய் இருக்கும் இடத்தைப் பார்க்க அனுமதி மறுக்கப்படுவதும் ஐயத்திற்கு உரியவை.

நாடுவிட்டு நாடு கொண்டுசெல்லுதல்

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பிற நாட்டுத் தெருநாய்களைத் தத்தெடுக்கும் வழக்கம் பரவியுள்ளது. நாயை நேரில் பாராது ஒளிப்படத்தைக் கண்டே முடிவெடுப்பது இதில் முதன்மையான குறை. எகிப்திலிருந்து 2019 இல் ஐக்கிய அமெரிக்காவின் கேன்சசுக்குக் கொண்டுவரப்பட்ட மீட்பு நாய் ஒன்றிற்கும், அசர்பைசானிலிருந்து 2021 இல் பென்சில்வேனியாவுக்குக் கொண்டுவரப்பட்ட நாய் ஒன்றிற்கும் வெறிநாய்க்கடி நோய் இருந்தது பின்னர் கண்டறியப்பட்டது. அதனைத் தொடர்ந்து, இந்நோய் மிகுந்த நாடுகளிலிருந்து நாய்களைக் கொண்டுவருவதை அந்நாடு 2021 சூலையில் தற்காலிகமாக நிறுத்தியது. ஐக்கிய இராச்சியத்தில், வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட நாய்களில் மனிதருக்கும் தொற்றக்கூடிய நாய்ப் புருசெல்லா நோய் காணப்பட்டுள்ளது.

இந்தியாவில்

இந்தியக் காப்பகங்களில் உள்ளவற்றுள் பெரும்பாலானவை நாட்டு நாய்கள். தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் முறையை 2001 ஆம் ஆண்டின் விதிகள் வகுத்தன; அவற்றுக்கு மாற்றாக 2023 இல் புதிய விதிகள் வந்தன. கருத்தடை செய்யப்பட்ட நாயின் காது நுனியில் சிறு வெட்டு இருக்கும். இவ்வடையாளம் அறுவை நடந்ததையே காட்டும். தடுப்பூசி காலாவதியாகாமல் உள்ளது என்பதற்கு அது சான்றாகாது.

தெருவில் தன் எல்லைக்குள் தடையின்றித் திரிந்து வளர்ந்த நாயை அடுக்குமாடி வீட்டில் அடைத்து வைத்தால் அது பெரிதும் அல்லலுறலாம். முதல் வாரங்களில் அது மதில் தாண்டியோ கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டோ ஓடிவிடவும் கூடும். தீபாவளி நாட்களின் வெடியோசையும் நாய்கள் தப்பியோடக் காரணமாகிறது.

தில்லித் தெருநாய்கள் தொடர்பாக 2025 ஆகத்து 22 இல் இந்திய உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, தெருநாயைத் தத்தெடுக்க விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்க வழிசெய்தது. தத்தெடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது விண்ணப்பதாரரின் பொறுப்பு என்றும் அது கூறியது.

தத்தெடுப்போர் பக்கத்துக் குறைகள்

இடர்கள் யாவும் நாயிடமிருந்தோ காப்பகத்திடமிருந்தோ வருவன அல்ல. இரக்கத்தால் உந்தப்பட்டு ஒரே நாளில் முடிவெடுத்தல், பிள்ளைகளின் பிறந்தநாள் பரிசாக நாயைக் கொணர்தல், வீட்டு உரிமையாளரின் இசைவைப் பெறாதிருத்தல், பகல் முழுவதும் ஆளில்லாத வீட்டில் குட்டியைத் தனித்து விடுதல் ஆகியன பொதுவான தவறுகள். தத்துக்கட்டணம் குறைவாகவோ இல்லாமலோ இருப்பதால் செலவும் குறைவு என எண்ணுவதும் தவறு. மருத்துவச் செலவு பின்னரே தொடங்குகிறது. ஒரு நாய் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் வரை வாழலாம்.

தவிர்க்கும் வழிகள்

* நாயை வெவ்வேறு நாட்களில், ஒன்றுக்கு மேற்பட்ட முறை சென்று பார்த்தல். வீட்டார் அனைவரும், ஏற்கனவே நாய் இருப்பின் அதுவும், சந்திக்கச் செய்தல்.
* மீட்கப்பட்ட இடம், நாள், கடித்த நிகழ்வுகள், முன்பு திருப்பி ஒப்படைக்கப்பட்டதா என்பன பற்றிக் கேட்டு, மறுமொழியை எழுத்தில் பெறுதல்.
* தடுப்பூசி அட்டையில் மருந்தின் பெயர், நாள், மருத்துவர் கையொப்பம் ஆகியன உள்ளனவா எனச் சரிபார்த்தல்.
* முதல் சில நாட்களுக்குள் வேறொரு கால்நடை மருத்துவரிடம் காட்டுதல். முதல் இரு வாரங்கள் வீட்டிலுள்ள பிற நாய்களிடமிருந்து பிரித்து வைத்தல்.
* காப்பகத்தில் உண்ட உணவையே தொடக்கத்தில் கொடுத்து, சிறிது சிறிதாக மாற்றுதல்.
* சிறுவரையும் நாயையும் பெரியவர் கண்காணிப்பின்றி விடாதிருத்தல். உண்ணும்போதும் உறங்கும்போதும் நாயைத் தொடாதிருத்தல்.
* நாய் பழகும் வரை உறவினரை அழைத்து அதனைக் காட்டுதல், கூட்டமான இடங்களுக்கு அழைத்துச் செல்லுதல் ஆகியவற்றைத் தவிர்த்தல்.

முதல் மூன்று நாட்கள் திகைப்பு, மூன்று வாரங்களில் பழக்கம், மூன்று மாதங்களில் உறுதியான உறவு என்று காப்பகத்தார் கூறுவதுண்டு. இது அனுபவம் சார்ந்த கணிப்பே. சில நாய்களுக்கு ஓராண்டும் தேவைப்படலாம்.

திருப்பி ஒப்படைத்தல்

எல்லா முயற்சிகளுக்குப் பின்னும் பொருந்தாத நாயைக் காப்பகத்திடமே திருப்பி ஒப்படைப்பது, தெருவில் விடுவதைவிட மேலானது. வளர்ப்பு விலங்கைத் துன்புறும் நிலையில் கைவிடுவது இந்தியாவில் 1960 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். எக்காரணத்தாலும் திருப்பி அளிக்கப்படும் நாயை ஏற்போம் என்று ஒப்பந்தத்தில் எழுதித் தரும் காப்பகம், பொதுவாக நம்பகமானது எனக் கருதப்படுகிறது. திருப்பி ஒப்படைப்பவர் வீட்டில் கண்ட நடத்தையை மறையாது தெரிவித்தால், அந்நாய்க்கு ஏற்ற வேறு இல்லத்தைக் கண்டறிய அது உதவும். கடித்ததை மறைப்பது அடுத்த குடும்பத்தை, குறிப்பாக அங்குள்ள சிறுவர்களை, ஆபத்துக்கு உள்ளாக்கும்.

இவற்றையும் பார்க்கவும்

* வெறிநாய்க்கடி நோய்
* விலங்குரிமை
* நாட்டு நாய்
* சிப்பிப்பாறை நாய்