கொசுபுரெ: நான்கு குறில்களின் கதை

தோக்கியோ விரிகுடா ஓரத்தில், அரியாகெ என்ற இடத்தில், நான்கு பிரமிடுகளைத் தலைகீழாகத் திருப்பித் தூண்மேல் ஏற்றிவைத்தது போல ஒரு கட்டடம் நிற்கிறது. தோக்கியோ பிக் சைட் என்று பெயர். கோடையில் ஒரு முறை, ஆண்டுக் கடைசியில் ஒரு முறை அங்கே கோமிக் மார்க்கெட் என்ற சித்திரக்கதை ரசிகர் சந்தை கூடும். ஒரு ஆகஸ்டில் அதற்கு ஆறு பேர் வேஷம் கட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு. சேலர் மூன் தொடரின் ஐந்து வீராங்கனைகளாக என் தோழிகள் ஐவர். உயரத் தொப்பி, வெள்ளை முகமூடி, கையில் சிவப்பு ரோஜா என்று இடையிடையே வந்து போகும் டக்சிடோ கமெனாக நான். என் உயரத்தைத் தவிர அந்தப் பாத்திரத்துக்கு வேறு தகுதி எதுவும் என்னிடம் இல்லை.

முந்தின இரவு அம்மாவிடம் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். "மாறுவேடப் போட்டியாடா? இந்த வயசுலயா?" என்றார்.

போட்டி இல்லையம்மா என்று சொல்லிவிட்டேன். மாறுவேடம்தானா என்பதற்குத்தான் பதில் வரவில்லை. அந்தக் கேள்வி அப்படியே தங்கிவிட்டது. அந்த வேஷத்துக்கான சொல்லின் பின்னால் நான் அலைய ஆரம்பித்தது அதனால்தான்.

இப்படிப் பாத்திரமாக வேஷம் கட்டுவதை உலகம் முழுக்க இன்று காஸ்பிளே என்கிறார்கள். பிறந்த ஊரில் அதன் பெயர் கொசுபுரெ. தமிழ்க் காதுக்கு முதலில் கொசுதான் நினைவுக்கு வரும், தவிர்க்க முடியாது. ஆனால் இந்தச் சொல்லைப் பிசகில்லாமல் எழுதத் தமிழ் எழுத்துக்கு இருக்கும் வசதி ஆங்கில எழுத்துக்கு இல்லை. கொ, சு, பு, ரெ. நான்கும் குறில். நான்கு மாத்திரை. ஜப்பானியர் சொல்லை அசையால் அளப்பதில்லை. நம் இலக்கணம் மாத்திரை என்று சொல்வதற்கு மிக நெருங்கிய ஓர் அளவால்தான் அளக்கிறார்கள். நீண்ட அயல்சொற்களைச் சுருக்கும்போது பெரும்பாலும் நான்கு மாத்திரையில் வந்து நிற்பார்கள். பர்சனல் கம்ப்யூட்டர் 'பசொகொன்' ஆயிற்று. ரிமோட் கன்ட்ரோல் 'ரிமொகொன்' ஆயிற்று. (அங்கே ஒற்றுக்கும் ஒரு முழு மாத்திரை உண்டு, தொல்காப்பியர் அரைதான் தந்திருப்பார்.) 'வெறுமை' என்னும் பொருள் தரும் 'கர'வோடு ஆர்க்கெஸ்ட்ராவின் தலையைச் சேர்த்து 'கரஒகெ' என்றார்கள், நாம் கரோக்கி என்கிறோம். அதே உளிதான் 'கொசுச்சூமு புரேய்' என்ற நீளமான சொல்லையும் செதுக்கியது. காஸ்ட்யூமிலிருந்து இரண்டு, பிளேயிலிருந்து இரண்டு.

காஸ்ட்யூம் பிளே என்ற தொடர் ஆங்கிலத்தில் முன்பே இருந்தது. பட்டும் பொய்முடியும் வாளுமாக நடிக்கும் சரித்திர நாடகத்துக்கு, நம் ஊர் வழக்கில் ராஜா ராணி நாடகத்துக்கு, அந்தப் பெயர். ஜப்பானியரும் முதலில் அந்தப் பொருளில்தான் அதைக் கடன் வாங்கினார்கள். அந்தத் தொடரை மேடையிலிருந்து இறக்கி, ரசிகன் தனக்குப் பிடித்த பாத்திரமாக உடுத்திக்கொள்வதற்குப் பெயராக வைத்தவர் தகஹாஷி நொபுயுகி. ஸ்டூடியோ ஹார்ட் என்ற பதிப்பு நிறுவனத்தைத் தொடங்கியவர். 'மை அனிமே' இதழின் 1983 ஜூன் பிரதியில் சொல் அச்சாயிற்று.

புதுச்சொல் எதற்கு? ஜப்பானிய மொழியில் 'கஸோ' என்று ஒன்று ஏற்கெனவே இருந்தது. மாறுவேடம் என்றே அதை மொழிபெயர்க்கலாம். அமெரிக்க அறிவியல் புனைகதை மாநாடுகளில் வழங்கிய 'மாஸ்கரேட்' என்பதற்கும் அதுவே ஈடு. தகஹாஷிக்கு அது ஒட்டவில்லை. பழைய வாடை அடித்தது. சீமான்கள் முகமூடி போட்டு ஆடும் விருந்து போல ஒலித்தது. எனக்கு இன்னொரு காரணமும் தோன்றுகிறது. கஸோ என்பதை இரண்டு சித்திர எழுத்துகளால் எழுதுவார்கள். முதல் எழுத்தான 'க'வுக்குத் தற்காலிகம், போலி என்று பொருள். முகமூடியைக் குறிக்கும் 'கமென்' என்பதன் தலையிலும் அதே எழுத்துதான் உட்கார்ந்திருக்கிறது. அதாவது அன்றைக்கு நான் போட்ட வேஷத்தின் பெயரிலேயே 'போலி' இருந்தது. பல வாரம் உட்கார்ந்து ஒரு பாத்திரத்தின் காலர் மடிப்பைக்கூடப் படம் பார்த்துத் தைப்பவனிடம் போய் அதைப் போலி உடுப்பு என்றால் யாருக்குப் பிடிக்கும்?

ஒரு கிளைக்கதை. இதே 1983 ஜூனில் வேறொரு இதழில், 'மங்கா புரிக்கோ'வில், நகமொரி அகியோ என்பவர் இந்த ரசிகக் கூட்டத்தைக் கிண்டல் செய்து ஒரு தொடர் ஆரம்பித்தார். அவர் வைத்த பெயர் 'ஒதகு'. நேர்ப்பொருள் 'உங்கள் வீடு'. மரியாதையாக 'நீங்கள்' என்பதற்கு நின்ற சொல். ரசிகர்கள் ஒருவரையொருவர் இப்படி விறைப்பாக விளிப்பதைக் கண்டு அவர் பிடித்துக்கொண்டார். கணவரை 'எங்க வீட்ல' என்று சொல்லிப் பழகிய மொழிக்காரர்களுக்கு வீடு எப்படி ஆளாகும் என்று விளக்க வேண்டியதில்லை. செல்லப் பெயரும் வசைப் பெயரும் ஒரே மாதத்துப் பிரதிகளில் அச்சேறின.

தகஹாஷியைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை வேறு. 1984இல் கலிபோர்னியாவின் அனஹைமில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்குப் போனார், அங்கே வேஷம் கட்டியவர்களைப் பார்த்து மலைத்துப் போனார், ஊர் திரும்பி இந்தச் சொல்லை உருவாக்கினார் என்பார்கள். அழகான கதைதான், நாள்தான் இடிக்கிறது. போவதற்கு முந்தின ஆண்டே சொல் அச்சில் இருக்கிறது. மேலும், மலைக்க அவர் கடல் கடக்க வேண்டியதும் இல்லை. 1975 டிசம்பர் 21 அன்று தோக்கியோவில் 32 குழுக்களோடும் எழுநூறு பேர் அளவிலான கூட்டத்தோடும் தொடங்கிய கோமிக் மார்க்கெட், 1983 வாக்கில் வேஷக்காரர்களுக்குப் பழகிய இடமாகிவிட்டிருந்தது. சொல்லுக்கு வெளிநாட்டுப் பிறப்பு கற்பிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது போலும். சொல்லாராய்ச்சியில் நான் முதலில் சந்தேகப்படுவது கதை நன்றாக இருக்கும் இடத்தைத்தான்.

பழக்கம் பெயரை விட மூத்தது. 1939 ஜூலை 2 அன்று நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு கூடியது. ஏறக்குறைய 200 பேர். அவர்களில் எதிர்கால மனிதர் உடையில் வந்தவர்கள் இரண்டே பேர்: ஃபாரஸ்ட் ஆக்கர்மனும், உடைகளைத் தைத்துக்கொடுத்த மர்ட்டில் டக்ளஸும். டக்ளஸை நண்பர்கள் அழைத்தது மொரோயோ என்று. அவருடைய பழைய பெயரின் முதலெழுத்துகளை எஸ்பெராந்தோ மொழியில் உச்சரித்தால் வருவது அது. ஆக்கர்மனுக்கும் சொற்களை ஒட்டவைக்கும் பித்து இருந்தது. 'சை-ஃபை' அவர் கைவேலை. அன்றைய உடைக்கு அவர் இட்ட பெயர் 'ஃபியூச்சரிஸ்டிகாஸ்ட்யூம்'. ஃபியூச்சரிஸ்டிக்கின் வாலும் காஸ்ட்யூமின் தலையும் ஒரே 'க'வைப் பங்கிட்டுக்கொள்கின்றன. நம் புணர்ச்சி இலக்கணக்காரர்களுக்குப் பிடித்திருக்கும், ஆனால் வாயில் நிற்கவில்லை. மாத்திரைகளை எண்ணிப் பாருங்கள், ஏன் என்று தெரியும்.

இந்த இருவருடைய உடை எந்தக் குறிப்பிட்ட பாத்திரத்துக்கும் உரியதல்ல. ஒரு திரைப்படத்தின் சாயலும் ஃபிராங்க் பால் வரைந்த படங்களின் சாயலும் கலந்தது. 'எதிர்காலத்தான்' என்று தெரியுமே தவிர, இன்னார் என்று யாரும் சொல்ல முடியாது. ஜப்பானில் இதே பழக்கம் வேர்விட்டபோது மாறிய விஷயம் அதுதான். யார் நீ என்பது முக்கியமாயிற்று.

1978இல் ஹகொனெ மலையின் அஷி ஏரிக்கரையில் கூடிய ஜப்பானிய அறிவியல் புனைகதை மாநாட்டில் நடந்ததை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். பின்னாளில் விமர்சகராகப் பெயர் வாங்கிய கொதானி மரி அங்கே வேஷத்தில் வந்தார். எட்கர் ரைஸ் பரோஸின் செவ்வாய்க் கிரக நாவல் ஒன்றின் அட்டைப்படத்தைப் பார்த்துத் தயாரித்த உடை. பார்த்தவர்களோ தெசுகா ஒசாமுவின் சித்திரக்கதை நாயகனான 'கடலின் திரித்தோன்' என்று நினைத்துவிட்டார்கள். கட்டியவர் மனத்தில் ஒருவர், கண்டவர் கண்ணில் வேறொருவர். ஜப்பானில் இந்தக் கலையின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் பலரும் இந்தச் சம்பவத்தைத் தொட்டே போகிறார்கள்.

அம்மாவின் கேள்விக்கு இங்கேதான் திரும்ப வேண்டியிருக்கிறது. மாறுவேடம் என்ற சொல் நம்மிடம் இரண்டு எதிர் வேலைகளைச் செய்கிறது. கதைகளில் ராஜா மாறுவேடத்தில் நகர்வலம் போவது யாரும் தன்னைக் கண்டுகொள்ளக் கூடாது என்பதற்காக. பள்ளிக்கூடத்து மாறுவேடப் போட்டியில் ஒட்டுமீசையும் தலைப்பாகையுமாக ஏற்றிவிடப்படும் குழந்தைக்கோ, பாரதியார் என்று எல்லாருக்கும் தெரிந்தால்தான் பரிசு. கொசுபுரெ இரண்டாவது வகை. அதற்கு முதல் வகையின் பெயரைக் கொடுக்கிறோம்.

வேஷம் என்று மட்டும் சொல்லலாமென்றால் அதிலும் சிக்கல். 'வேஷம் போடுறான்' என்றால் ஆள் சரியில்லை என்று அர்த்தம். 'வேஷம் கட்டுறான்' என்றால் கூத்தாடுகிறான். வினை மாறினால் நாணயம் மாறுகிறது. இதையும் சட்டமாக்க முடியாது. குலசேகரன்பட்டினம் தசராவில் குழுக் குழுவாகக் காளி வேஷம் போட்டு வருகிறவர்கள் நேர்த்திக்கடன் தீர்க்கிறார்கள், அங்கே போடுவதும் பக்திதான். ஆனாலும் என் வாக்கு கட்டுவதற்கே. தெருக்கூத்தில் வேஷம் கட்டியவர் நேராக வந்து நின்றுவிடுவதில்லை. திரை பிடிப்பார்கள், கட்டியங்காரன் யார் எவர் என்று துருவுவான், ஆடி, பாடி, தான் இன்னார் என்று சொல்லி நிலைநாட்டிய பிறகுதான் கதை நகரும். கண்டுகொள்ளப்படுவதற்கென்றே ஒரு சடங்கு. கொசுபுரெக்கு இதைவிட நெருங்கிய உறவு தமிழில் எனக்குத் தெரியவில்லை. 'ஒப்பனை விளையாட்டு' போன்ற ஆக்கங்கள் அகராதிக்குள் சௌக்கியமாக இருக்கட்டும்.

காஸ்ட்யூமின் மூலத்தையும் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் பழக்கம், வழக்கம் என்று பொருள்படும் சொல் இத்தாலியம் வழியாக உடையாகவும், பிரெஞ்சு வழியாகக் 'கஸ்டம்' என்ற வழக்கமாகவும் ஆங்கிலத்துக்குள் இரண்டு கதவால் நுழைந்தது. தகஹாஷி ஒதுக்கிய மாஸ்கரேடும் சாகவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் நடக்கும் அனிமே எக்ஸ்போவின் மேடைப் போட்டிக்கு இன்றும் அதுதான் பெயர்.

கொசுபுரெ அதன்பின் குட்டி போட்டது. வேஷம் கட்டுகிறவர் 'கொசுபுரெய்யா'. தலையை வெட்டி 'ரெய்யா'. கேமராவோடு சுற்றும் பையன் 'கமெகொ'. நண்பர்கள் ஒரே கதையின் பாத்திரங்களாகச் சேர்ந்து கட்டினால் 'அவசெ'. சேர்த்தல், பொருத்துதல் என்ற வினையிலிருந்து வந்த பெயர், இதில் அயல்மொழித் துண்டு எதுவும் இல்லை. எங்களுடையதும் அவசெதான். அன்று காலை, ஐவரில் ஜுபிடராக வர இருந்தவளுக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தது.

வீட்டிலிருந்தே உடுத்தி வரக் கூடாது, உடுத்தியபடி வீடு திரும்பவும் கூடாது என்பது அங்கே விதி. ஆண்கள் உடைமாற்றும் கூடத்தில் நான் கறுப்பு அங்கியை மாட்டும்போதே சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. வெளியே வந்து தோழிகளுக்காகக் காத்திருந்தபோது கேமராக்காரர் ஒருவர் தயங்கியபடி அருகே வந்து, "ருபன்?" என்றார். ஆர்சேன் லூப்பன், பிரெஞ்சுக் கதைத் திருடன். இல்லை என்று ரோஜாவைத் தூக்கிக் காட்டினேன். பிளாஸ்டிக் இதழ் ஒன்று கழன்று விழுந்தது. அவர் குனிந்து எடுத்துக் கொடுத்தார், படம் எடுக்கவில்லை. கொதானி மரியை அப்போது நினைத்துக்கொண்டேன்.

நால்வரும் வந்து சேர்ந்த பிறகு யாரும் கேட்கவில்லை. மூன், மெர்க்குரி, மார்ஸ், வீனஸ் நடுவே நின்றால் தொப்பி வைத்தவன் யாரென்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் வரிசையில் ஜுபிடரின் இடத்தை விட்டுத்தான் நின்றார்கள். படத்தில் ஓட்டை விழும் என்று சொல்லிப் பார்த்தேன், மார்ஸ் மறுத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் கூட்டத்துக்கு அப்பால் ஒரு பச்சைப் பாவாடை தெரிந்தது. தனியாக வந்த ஒரு ஜுபிடர். முன்பின் தெரியாதவர். எங்கள் மூன் கையை உயர்த்தி "ஜுபிடர்-சான்!" என்று கத்தினாள். அவர் இடைவெளியைப் பார்த்தார். ஓடி வந்து, தலைவணங்கி, அதில் பொருந்தி நின்றார். பத்து நிமிடம் போல கேமராக்கள் சத்தமிட்டன. மறுபடி தலைவணங்கிவிட்டுப் போய்விட்டார். அவருடைய பெயரை யாரும் கேட்கவில்லை.

மாலை ரயிலில் எனக்கு எதிர் இருக்கையில் சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒரு பெண், சக்கரப் பெட்டியை முழங்கால்களுக்கு நடுவில் பிடித்தபடி தூங்கி வழிந்துகொண்டிருந்தார். காதில் இளஞ்சிவப்பு ரோஜாத் தோடுகள். ஜுபிடரின் தோடு. நான் பார்ப்பதை உணர்ந்து கண்ணைத் திறந்தவர், காதைத் தொட்டுப் பார்த்தார். சிரித்துக்கொண்டே இரண்டையும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.